பாடத்திலிருந்து படலைக்கு: யாழ்ப்பாணத்தில் தெளிந்த சிந்தனை

யாழ்ப்பாணத்துத் தனுசு ராசிக்காரருக்கு 2023 ஒரு விசித்திரமான ஆண்டு. திருக்கணிதப்படி ஜனவரி 17ஆம் திகதி சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் பெயர்ந்தது. அன்றோடு அவர்களுக்கு ஏழரைச் சனி முடிந்தது. வாக்கியப்படி சனி பெயர்ந்ததோ டிசம்பர் 20ஆம் திகதி. அதுவரை ஏழரை விடவில்லை. பதினொரு மாதமாக ஒரே ஆள் மட்டுவில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் விடுபட்டவராகவும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்தில் பிடிபட்டவராகவும் இருந்தார்.

சோதிடம் மெய்யா பொய்யா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வழக்கைத் தீர்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் கிடைக்காது. ஊரிலுள்ள சில தனுசுக்காரரையும், அதே பெயர்ச்சியில் ஏழரை தொடங்கும் சில மீனக்காரரையும் பிடித்து, அந்த மாதங்களில் அவர்களுக்கு வந்த நல்லது கெட்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் போதும். அப்படி எழுதி வைத்த ஒருவரையும் நான் காணவில்லை. கண்டதெல்லாம் வழக்கமான காட்சிதான். காரியம் கைகூடியவர் திருக்கணிதமே சரி என்றார். கால் முறிந்தவர் வாக்கியம் பொய்க்காது என்றார். வீட்டில் இரண்டு பஞ்சாங்கமும் தொங்குவதால் எது நடந்தாலும் ஒன்று சரியாகிவிடும்.

தர்க்கம் தெரியாததால் இப்படி நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் தர்க்கத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. உயர்தரக் கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ ஒரு பாடம். போலி நியாயங்களின் பெயர்களை ரியூட்டரி வாங்குகளில் இருந்து பாடமாக்கிய பிள்ளைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. சித்தாந்த வகுப்புக்குப் போன பெரியவர்கள் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைக் கேட்டவர்கள். காண்டல், கருதல், உரை என்ற மூன்றையும், ஐயக்காட்சி எது, திரிபுக்காட்சி எது என்பதையும் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியும். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகத்தைப் பதிப்பித்தவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர்தான். அதற்கும் முன்னே போனால், ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று தர்க்கக் குற்றங்களை வரிசைப்படுத்தும் மணிமேகலைக் காப்பியம் இருக்கிறது. அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலர் சாதிப்பார்கள். சட்டத்தரணிகளையும் கணக்காளர்களையும் இவ்வளவு உற்பத்தி செய்த மண்ணுக்கு நியாயம் பேசத் தெரியாது என்று யார் சொல்வார்?

பேசத் தெரியும். அந்தத் தர்க்கம் பெரும்பாலும் எதிரே நிற்பவரை நோக்கித்தான் பாய்ந்திருக்கிறது. தன் எண்ணத்தைத் தானே சோதிக்க அதை எடுத்தவர்கள் குறைவு. எடுத்தவர்கள் யார், எந்தச் சூழலில் அது பலித்தது, எங்கே படுத்துவிட்டது என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரை.

தொடக்கத்தில் ஒரு கிரகணம் நிற்கிறது. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதன் தலைவர் டானியல் பூவர் மேலைக் கணிதமும் வானியலும் அங்கே படிப்பித்தார். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வரவிருந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கும் பூவரின் கணிப்புக்கும் தொடக்கத்திலேயே 15 நிமிட வித்தியாசம். எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கதை ஊரெல்லாம் பரவ, அன்றிரவு சனம் மணிக்கூட்டோடு வானத்தைப் பார்த்து நின்றது. பூவரின் கணக்குத்தான் பொருந்தியது. இலங்கையின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதிய எமர்சன் டெனென்ற் இதை ஒரு வெற்றிக் கதையாகவே பதிந்துவிட்டார்.

வெற்றி யாருக்கு என்பதுதான் கேள்வி. சோதனை மிக நேர்த்தியானது. இரண்டு பக்கமும் முன்கூட்டியே எழுத்தில் சொன்னது. நடுவராக இருந்தது வானம். ஆனால் மிஷனரிகள் அதைச் சைவத்தின் தோல்வி என்று விளம்பரம் செய்தார்கள். கணக்கில் வந்த 15 நிமிடப் பிழை மானப் பிரச்சினையாக மாறியது. மானம் நுழைந்த இடத்தில் பிழையைத் திருத்துவது சரணடைவதாகிவிடும்.

வாக்கிய கணிதம் ஒன்றும் இளக்காரமானதல்ல. சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி மனனம் செய்து வைத்த முறை அது. யோன் வாரன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, அந்த ஆண்டு வந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தாளையும் எழுதுகோலையும் தொடவில்லை. தரையில் சோகியைப் பரப்பி, மனத்திலிருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லிக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. தொலைநோக்கி இல்லாத, பல நூற்றாண்டு பழைய வாய்பாட்டுக்கு இது அபாரம். ஆனால் அந்த வாய்பாட்டை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் எங்கோ இடையில் நின்றுவிட்டது. தமிழருக்குக் கணிதம் இருந்தது, நினைவாற்றல் இருந்தது. அந்த ஒப்பிடும் வேலையைப் பிற்காலத்தில் தம் பஞ்சாங்கத்துக்குள் கொண்டுவந்தவர்கள் திருக்கணிதக்காரர்கள். மதமாற்ற மேடை சாதிக்காததை உள்ளூர்க் கணிதர்கள் சத்தமில்லாமல் செய்தார்கள். ஆனாலும் ஊர் பழையதை விடாமல் இரண்டையும் சுவரில் தொங்கவிட்டது.

செமினரிக்காரர்களின் வாரிசாக வந்த இன்னொருவரின் வழி வேறு. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம், கெமிஸ்தம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தன் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். 60க்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அதில் பாதிப்பேர் அளவில் தமிழிலேயே படித்தவர்கள். 1873இல் அவர் ஊர் திரும்பியபோது, இங்கே மருத்துவம் தெரிந்த தமிழர் கிராமங்களில் இருந்தார்கள். நாட்டுப் பரியாரியார்களை அவர் மேடையில் தோற்கடித்ததாகக் கதை எதுவும் இல்லை. நோயாளி எழுந்து நடந்ததைச் சனம் கண்டது. சிந்தனை முறை ஒன்று ஊருக்குள் இறங்க வேண்டுமானால் அது அந்த ஊரின் மொழியில், அன்றாடத் தேவை ஒன்றைத் தீர்த்துக்கொண்டு, யாரையும் தலைகுனிய வைக்காமல் வரவேண்டும் என்பதற்கு மானிப்பாய் நல்ல சாட்சி.

கிறீனுக்கு நேர் எதிர்த்திசையில் போனவர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தவர். அவரிடம் வேதாகம பாடத்தையும் ஒருமுறை ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் சிறப்பாகச் சித்தியடைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவருக்குத் தரப்படவில்லை. ஏன் என்று கேட்டபோது, பரீட்சையில் எல்லாரும் சித்தி, விசுவாசத்தில் எல்லாரும் கோட்டை என்று அதிபர் கருத்துப்படச் சொன்னாராம். பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவராகி, அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. பேய்க்கதைகளை அவர் அவிழ்த்த விதத்தைச் சனம் துப்பறியும் கதைபோல் வாசித்தது. வாசித்துவிட்டு வழமைபோல் கழிப்புக் கழித்தது. பந்தயம் கட்டி வெல்வது வேடிக்கைக்கு நல்லது, வீட்டுப் பழக்கத்தை மாற்ற அது போதாது என்பது என் கணிப்பு. கோவூரின் அன்பர்கள் கோபிப்பார்கள்.

கருத்தைப் பழக்கமாக்கிய துணிச்சல் அந்தக் காலத்து இளைஞர்களிடம் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, பின்பு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் ஆன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் அவர்கள். தீண்டாமை தவறு என்று தீர்மானம் எழுதுவது எல்லா மாநாட்டிலும் நடப்பதுதான். அவர்கள் அதோடு நிற்காமல் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட ஏற்பாடு செய்தார்கள். தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர் பந்தியில் இருக்கிறாரா, தலையிடி என்று சொல்லிப் படலையைத் திறந்துகொண்டு போகிறாரா என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தன் நம்பிக்கை எவ்வளவு உறுதி என்பதை ஒருவர் தன் இலையின் முன் இருந்து கண்டுகொண்டார். பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, 1930 வாக்கில் சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டதும் உண்டு. ஒரு எண்ணம் பழக்கத்தைத் தொட்டால்தான் இப்படி நெருப்பு வரும்.

அதே காங்கிரஸ் 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்து, 1934இல்தான் நிரம்பின. முழுச் சுதந்திரம் வேண்டும் என்ற கொள்கையில் குறை சொல்ல முடியாது. நாங்கள் விலகி நின்றால் தெற்கும் விலகி நிற்கும் என்ற ஊகந்தான் ஆட்டம் கண்டது. தெற்கு வாக்குப் போட்டது. அப்படி நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே இருந்து யோசித்திருந்தால், அதே கொள்கையோடு வேறு வழி பிடித்திருக்கலாம். ஒரு முடிவு எடுக்குமுன், அது தோற்றுப்போனதாகவே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று காரணம் தேடிப் பார்க்கும் பயிற்சியை அமெரிக்க உளவியலாளர் கரி கிளைன் இந்த நூற்றாண்டில் பிரபலமாக்கினார். 1931இல் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் செலவு பார்த்துக் கலியாணம் செய்யும் எந்தத் தகப்பனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

இனி மாவிட்டபுரம். இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் உறுத்தும் இடம் இது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வழிமறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டின் பேலியல் கல்லூரியில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அமைச்சர். அவர் தலைமுறையில் அவரைப்போல் தர்க்க மூளை படைத்த தமிழர் சிலரே. அந்த மூளை முழுவதும் கோவில் வாசலை மூடுவதற்கு நியாயம் கண்டுபிடிப்பதில் செலவானது. ஆகமம், வழமை, சட்டப் பிரிவு என்று அடுக்கினார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. அதை இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை கொண்டுபோய் அங்கேயும் தோற்றார்.

மூளை கூர்மையானால் சிந்தனை தெளியும் என்ற நம்பிக்கையை மாவிட்டபுரம் உடைக்கிறது. அண்மைக்கால உளவியலும் அதையே சொல்கிறது. கனடிய ஆய்வாளர் கீத் ஸ்ரனோவிச்சும் அவரது கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவரின் பக்கச்சார்பைக் கண்டு தன்னுடையதைக் காணாத குருட்டிடம் புத்திசாலிகளுக்குக் குறைவாக இருக்கவில்லை. கெட்டிக்காரருக்குத் தன் விருப்பத்துக்காக வாதாடத் திறமை கூட. பிள்ளை கெட்டிக்காரனாக வந்தால் போதும் என்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கே மூன்று ரியூசன் அனுப்பும் எங்கள் சமூகம் இதைக் கொஞ்சம் இருந்து யோசிக்க வேண்டும். பரீட்சையில் சரியான விடை முன்பே எங்கேயோ அச்சாகி இருக்கிறது. வாழ்க்கையில் அப்படி இல்லை.

போர்க்காலம் வந்தபோது கணித மூளை வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. யாழ் பல்கலைக்கழகத்தில் 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பில் இருந்த ராஜன் ஹூலும் கே. சிறீதரனும் கணிதவியலாளர்கள், தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர், ராஜினி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். நால்வரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’யின் முறை எளிது. சம்பவம் நடந்த இடத்துக்குப் போவது, ஒருவர் சொன்னதை இன்னொருவரின் சொல்லோடு ஒப்பிடுவது, செய்தது எங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா என்று பாராமல் எழுதுவது. இந்திய இராணுவம், இலங்கை அரசு, புலிகள், ஏனைய இயக்கங்கள் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி ராஜினி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. தெளிவாக யோசிப்பதைத் தனிமனிதப் பயிற்சியாக மட்டும் எழுதும் வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தப் பக்கம் இருப்பதில்லை. உண்மை சொன்னால் உயிர் போகும் ஊரில் சனம் முதலில் கற்றுக்கொள்வது யோசிக்காமல் இருப்பதையல்ல, யோசித்ததைச் சொல்லாமல் இருப்பதை. சொல்லாத எண்ணத்தை யாரும் திருத்த மாட்டார்கள். அந்தப் பழக்கம் துவக்குகள் ஓய்ந்த பிறகும் வீடுகளில் தங்கிவிட்டது.

2011 ஓகஸ்டில் நாடு முழுவதும் பரவிய கிறீஸ் பூதக் கதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆள் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று பேச்சு. நாவாந்துறையில் சந்தேகத்துக்குரியவர்களைச் சனம் துரத்த, அவர்கள் இராணுவ முகாம் பக்கம் ஓடியதாகச் சொல்லி ஊர் திரண்டது. பிறகு இராணுவம் வீடு வீடாகப் புகுந்து அடித்து, நூறு பேருக்கு மேல் கைதானார்கள். படித்த சனமும் பூதக்கதை நம்புகிறதே என்று கொழும்பில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பொலிசில் சொன்னால் விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்த ஊரில் அந்தக் கதை இரண்டு நாளில் அடங்கியிருக்கும். வதந்திக்கு எதிர்மருந்து விழிப்புணர்வுக் கருத்தரங்கு மட்டுமல்ல. கேட்டால் உண்மை சொல்லும் ஒரு இடம் வேண்டும்.

சுன்னாகம் கிணறுகளின் கதை அந்த இடம் இல்லாததால் இழுபட்டது. மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதைச் சனம் கண்ணால் கண்டது. தேசிய நீர் வழங்கல் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது 109இல் எண்ணெய் அளவு வரம்பை மீறியிருந்தது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ கன உலோகம், பென்சீன் வகை நச்சு ஆகியவற்றைக் குறித்துப் பயப்படத் தேவையில்லை என்ற வகையில் அறிக்கை தந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் துரோகம் என்றது, மறுபக்கம் பீதி கிளப்புகிறார்கள் என்றது. இரு அறிக்கைகளும் ஒரே பொருளையா அளந்தன, ஒரே கிணறுகளையா, ஒரே மாதத்திலா என்ற கேள்விகளைத் தேநீர்க்கடையில் கேட்டவர் அரிது. எண்ணெய் அளவு கூடுதலாகவும் பென்சீன் இல்லாமலும் ஒரே கிணறு இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அதற்கிடையில் ஐந்தாறு வருஷம் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றது.

வீட்டு விஷயங்களுக்கு வருவோம். சுண்ணக்கல் மண்ணும் வேலியும் பற்றையும் உள்ள இந்தக் குடாநாட்டில் பாம்புக்கடி புதினமல்ல. புடையனும் எட்டடி விரியனும் நாகமும் ஆளைக் கொல்லும். கடித்தவுடன் விஷகடி வைத்தியரிடம் ஓடுவதா, போதனா வைத்தியசாலைக்கு ஏற்றுவதா என்ற விவாதம் இன்னும் முற்றத்தில் நடக்கிறது. “எங்கட மாமாவுக்கு விஷக்கல்லு வைச்சுத்தான் சுகம் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஆள் முடிஞ்சிருப்பார்” என்று ஒருவர் சொன்னால் கதை முடிந்தது. மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் கடிக்கிற பாம்பெல்லாம் விஷப்பாம்பு அல்ல. விஷப்பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. நூறு பேர் கல்லு வைக்கப் போய் அறுபது பேர் பிழைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறுபதில் எத்தனை பேர் வீட்டில் சும்மா இருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று தெரியாமல் கல்லுக்குப் பெயர் கொடுக்க முடியாது. மிச்ச நாற்பது பேரின் கதையை எந்த முற்றத்திலும் கேட்க முடியாது. செத்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. டெங்கு வந்தால் பப்பாசி இலைச்சாறு குடித்துப் பிளேட்லெட் ஏறியதாகச் சொல்வதும் இந்த வகைதான். பெரும்பாலானோருக்கு நோயின் ஓட்டத்தில் அது தானாகவே ஏறும். சாறு குடிக்காதவருக்கும் ஏறியதா என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்க வேண்டும்.

பிள்ளையை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டும் வீடுகளிலும் அதே கணக்கு. “சின்னத்தான்ர பெடியன் மூண்டு மாசத்தில போய்ச் சேந்திட்டான், நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?” என்கிறார் வந்தவர். கேட்க வேண்டிய கேள்வி, சின்னத்தான்ர பெடியனோடு வெளிக்கிட்ட மற்றப் பெடியள் எங்கே என்பது. எந்த நாட்டுச் சிறையில், எந்தக் காட்டில், எந்த வீட்டில் வட்டிக்குக் கடனோடு? போய்ச் சேர்ந்தவரின் கனடாப் படம் வட்ஸ்அப்பில் வருகிறது. சேராதவரின் படம் வருவதில்லை. காணியை ஈடு வைக்குமுன் அந்த ஆள் அனுப்பிய பத்துப்பேரின் பெயரைக் கேட்டு, பத்து வீட்டுக்கும் நடந்து போய்க் கேட்பதற்கு ஒரு கிழமை போதும். கேட்டால் ஏஜென்சிக்காரன் கோபிப்பானாம். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதே ஆட்கள் தோட்டத்துக்குள் இறங்கினால் வேறு மனிதர் ஆகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. புதிய வெங்காய விதை ஒன்று வந்தால் எந்த வலிகாமத்துக் கமக்காரரும் பத்துப் பரப்பிலும் அதைப் போடமாட்டார். ஒரு பரப்பில் போட்டு, பக்கத்தில் பழையதையும் போட்டு, ஒரே இறைப்பு, ஒரே பசளை கொடுத்து, கிண்டும்போது இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார். ரொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் இரொதம்ஸ்டெட் பண்ணையில் 1919 முதல் வேலை செய்து, வயற்பரிசோதனைக்கு எழுதிய இலக்கணத்தின் முதல் பாடம் இதுதான். இலக்கணம் படிக்காமலே கமக்காரர் அதைக் கடைப்பிடிக்கிறார். ஏனென்றால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். தராசு யாருக்கும் முகத்தாட்சண்யம் பார்க்காது. விதை பொய்த்தால் குறை விதையின் மேல், அவர் மானத்துக்குப் பங்கமில்லை. பிள்ளையின் படிப்பு, கலியாணம், வெளிநாடு, அரசியல் என்று வரும்போது இந்த மூன்றும் இல்லாமல் போகின்றன. தீர்ப்பு வர இருபது வருஷம் எடுக்கும். வரும்போது நாங்கள் முதலில் சொன்னதே மறந்துவிடும். மறக்காதவர் இருந்தால் அவரோடு கதை பேச்சு இல்லை.

ஆகவே வழி, தோட்டத்தில் இருப்பதைச் செயற்கையாக மற்ற இடத்துக்கும் கொண்டுவருவதுதான். எழுதி வைப்பது அதில் முதலாவது. அமெரிக்க உளவியலாளர் பிலிப் ரெற்லொக்கின் குழு 2011 முதல் 2015 வரை பங்கெடுத்த கணிப்புப் போட்டியில் சாதாரண ஆட்கள் உலக நடப்புகளுக்கு நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எண் போட்டு எழுதினார்கள். பிறகு நடந்ததோடு ஒப்பிட்டுப் புள்ளி வாங்கினார்கள். அவர்களில் மேலே வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் மேதைகள் அல்லர். புதிய செய்தி வந்தபோது தங்கள் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றக் கூச்சப்படாதவர்கள் அவர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் “கட்டாயம் நடக்கும்”, “சந்தர்ப்பமே இல்லை” என்ற இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. பிழைத்தால் தப்பவும் அதில் வழியில்லை, திருந்தவும் வழியில்லை.

இரண்டாவது, தனியாள் மனத்தை நம்பாமல் முறையை நம்புவது. உலக சுகாதார அமைப்பு சத்திரசிகிச்சைக்கு முன் வாய்விட்டு வாசிக்க 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. எட்டு நகர வைத்தியசாலைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது என்று 2009இல் ஆய்வு வெளியானது. வைத்தியர்களுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் வெட்டுவது என்று கேட்கும் பட்டியல் அது. ஆனால் தாதியும் நிபுணரை நிறுத்திக் கேட்கலாம் என்று அது உரிமை கொடுத்தது. எங்கள் வீடுகளில் இந்த உரிமைக்குத்தான் பஞ்சம். பெரியப்பா சொன்னபிறகு மருமகள் கேட்கக் கூடாது. அதிபர் சொன்னபிறகு இளம் ஆசிரியர் கேட்கக் கூடாது. தலைவர் சொன்னபிறகு கட்சியில் யாரும் கேட்கக் கூடாது. ‘எனக்குத் தெரியாது’ என்று சபையில் சொன்னால் மரியாதை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை அளவையியல் பாடத்தில் எத்தனை ஏ எடுத்தாலும் பயனில்லை.

எல்லாவற்றையும் இப்படிக் கணக்குப் பார்த்தால் வாழ்க்கை வரண்டு போகும் என்று சிலர் சொல்வார்கள். நல்லூர்த் தேருக்குப் போவதற்கும் சித்திரைக் கஞ்சி காய்ச்சுவதற்கும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. காசும் உயிரும் அடுத்தவரின் மானமும் பணயத்தில் இருக்கும்போது மட்டும் கொப்பி எடுத்தால் போதும்.

கொப்பி வைக்க இடமும் எங்களிடமே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. காலையில் பேப்பர் வாசிக்க வந்து அரசியல் முழுவதையும் தீர்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். அந்த மேசையில் ஒரு சி.ஆர். கொப்பியைக் கட்டி வைக்கலாம். அடுத்த தேர்தலில் யார் வெல்வார், வெங்காய விலை தையில் எவ்வளவு, அடுத்த சனிப்பெயர்ச்சியில் யாருக்கு என்ன என்று துணிந்து சொல்கிறவர் பெயரும் திகதியும் போட்டு எழுதட்டும். ஆறு மாதம் கழித்து எல்லாருமாக இருந்து வாசிக்கலாம். பிழைத்தவரைப் பகிடி பண்ணக் கூடாது என்பது மட்டும் விதி. பக்கத்திலேயே ஊர்க் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவை, எந்தக் கிணறு, எந்த மாதம், எதை அளந்தார்கள் என்று ஒட்டி வைக்கலாம். நிலைய நிர்வாகசபையில் நீங்கள் இருந்தால் வரும் கூட்டத்தில் இதை முன்மொழியுங்கள். முதல் பக்கத்தில் தலைவரும் செயலாளரும் தங்கள் கணிப்பை எழுதித் தொடங்கட்டும்.